கம்பியில்லாமல் மின்சாரம்: 12 வோல்ட்டில் நீங்களே செய்து பார்க்க முழுமையான வழிகாட்டி

செல்போனை ஒரு தட்டின் மேல் வைத்தால் சார்ஜ் ஏறுகிறது. மின்சாரப் பல்துலக்கியை அதன் தாங்கியில் நிறுத்தினால் பிளாஸ்டிக் உறைக்கு உள்ளேயே பேட்டரி நிரம்புகிறது. அதே வேலையை உங்கள் மேசையில், ஒரு 12 வோல்ட் அடாப்டரையும் கொஞ்சம் செம்புக் கம்பியையும் வைத்துச் செய்துவிடலாம். இதில் சொல்லியபடி கட்டினால் 5 வாட் பல்ப் ஒன்று 3 செ.மீ. தள்ளி நன்றாக எரியும். சிறிய சிவப்பு எல்இடி 15 செ.மீ. தள்ளியும் எரியும். பல்ப் எரிவதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஏன் 3, ஏன் 15, ஏன் 3 மீட்டர் இல்லை என்பதை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்ல முடிவதுதான்.

அந்தக் கணக்கு தெரிந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. காந்தத்தைச் சுற்றிக் கம்பி கட்டினால் பல்ப் எரிகிறது, இலவச மின்சாரம் என்று காட்டும் வீடியோக்களை நம்பிப் பணத்தையும் நேரத்தையும் தொலைக்கிற மாணவர்கள் நிறைய. அவற்றில் எங்கோ ஒரு பேட்டரி மறைந்திருக்கிறது. இங்கே நாம் கட்டப்போகும் கருவியில் அடாப்டரிலிருந்து போகும் வாட் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு.

பிளஸ் டூ இயற்பியல் அளவுக்குத் தெரிந்தால் போதும். பற்றவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு 230 வோல்ட் லைனை இதில் எங்கும் நேரடியாகத் தொடப்போவதில்லை. தொடவும் வேண்டாம்.

உள்ளே நடப்பது என்ன

காற்று வழியாக மின்சாரம் ஓடுவதில்லை. அனுப்பும் காயிலில் மின்னோட்டம் மாறி மாறி ஓடும்போது அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தில் ஒரு பகுதி வாங்கும் காயிலுக்குள் நுழைந்து அங்கே மின்னழுத்தத்தை எழுப்புகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இரும்பு வளையத்தில் இரண்டு காயில் சுற்றிக் கண்டது இதைத்தான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இதே வேலையைத்தான் செய்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பு உள்ளகம் காந்தப்புலத்தைப் பிடித்து அடுத்த காயிலுக்குக் கொண்டு சேர்க்கிறது. நம்மிடம் இரும்பு இல்லை, காற்றுதான்.

அதனால் எவ்வளவு புலம் போய்ச் சேருகிறது என்பது முதல் கேள்வி. இதை இணைப்பு எண் என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் சேர்ந்தால் 1, எதுவும் சேராவிட்டால் 0. நாம் கட்டப்போகும் 10 செ.மீ. விட்டமுள்ள இரண்டு காயிலை நேருக்கு நேர் வைத்தால், 3 செ.மீ. இடைவெளியில் இணைப்பு எண் சுமார் 0.24. 5 செ.மீ.யில் 0.13. 10 செ.மீ.யில் 0.04-க்கும் கீழே. 15 செ.மீ.யில் 0.016. இடைவெளி ஒரு காயில் விட்டத்தைத் தாண்டியதும் எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். இந்த எண்கள் செ.மீ. கணக்கைப் பொறுத்தவை அல்ல, விட்டத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தவை. காயில் 1 மீட்டர் அகலமானால், அதே 0.24 இப்போது 30 செ.மீ. இடைவெளியில் கிடைக்கும். இந்தத் துறையில் எந்தக் கருவியைப் பார்த்தாலும், எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன் காயில் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள்.

குறைந்த இணைப்பு எண்ணை வைத்தும் மின்சாரத்தை வாங்க வைப்பது ஒத்ததிர்வு. ஒரே சுருதிக்குச் சேர்த்த இரண்டு தம்புராக்களில் ஒன்றை மீட்டினால் மற்றதன் தந்தியும் அதிர்கிறது அல்லவா, அதுபோலத்தான். காயிலோடு ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்தால் அதற்கென்று ஓர் அதிர்வெண் வந்துவிடும். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால், வாங்கும் பக்கம் சிறுகச் சிறுக ஆற்றலைச் சேர்த்து அழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்துகிறது. எத்தனை மடங்கு என்பதைச் சொல்வது க்யூ என்ற எண். கம்பியின் தடை குறைவாக இருந்தால் க்யூ அதிகம். நம் காயிலுக்கு 50 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இணைப்பு எண்ணையும் க்யூவையும் பெருக்கிப் பாருங்கள். 3 செ.மீ.யில் 12 வருகிறது, 5 செ.மீ.யில் 6.4, 10 செ.மீ.யில் 1.85. இந்தப் பெருக்கல் தொகை 12 என்றால் காயில்களுக்கு இடையே அதிகபட்சம் சுமார் 85 சதவீதத் திறன் கிடைக்கும். 6.4-க்கு 73 சதவீதம். 1.85-க்கு 36 சதவீதம்தான். தொகை 1-க்குக் கீழே போனால் ஐந்தில் ஒரு பங்குகூடப் போய்ச் சேராது. நல்ல சார்ஜரும் மோசமான சார்ஜரும் பிரிவது இந்த ஓர் எண்ணில்தான்.

வாங்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெரு மாதிரியான எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவிலும் எல்லாம் கிடைக்கும். எனாமல் பூசிய செம்புக் கம்பியை மோட்டார் காயில் கட்டுபவர்களிடமே வாங்கலாம். 20 கேஜ், 100 கிராம் போதும். அந்தக் கம்பி 0.9 மி.மீ. தடிமன். இன்னும் தடிமனாக எடுத்தால் தடை குறையுமே என்று தோன்றும். 100 கிலோ ஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் 0.2 மி.மீ. ஆழத்துக்குத்தான் ஓடுகிறது. ஆகவே தடித்த கம்பியின் நடுப்பகுதி சும்மா கிடக்கும். தரமான சார்ஜர்களில், தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பியைப் போடுவது இதனால்தான். கிடைத்தால் அதையே வாங்குங்கள், க்யூ கூடும்.

மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) இரண்டு: ஐஆர்எஃப்இசட்44என். கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோ ஃபாரட், 400 அல்லது 630 வோல்ட், பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை, மூன்று. சிலவற்றின் மேல் 104 என்று எழுதி, கடைசியில் ஜே என்ற ஆங்கில எழுத்து இருக்கும். ஜே என்றால் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று பொருள். கே என்றால் 10 சதவீதம், அது வேண்டாம். மூன்றையும் ஒரே பட்டியிலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். இதில் சிக்கனம் பார்த்து செராமிக் வட்டு கெப்பாசிட்டர் போட்டால் அது சூடாகி அதிர்வெண்ணும் நகர்ந்துவிடும். இதில் சுற்றி ஓடும் மின்னோட்டம் 2 ஆம்பியரை ஒட்டி இருக்கும்.

சோக் காயில் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 100 மைக்ரோ ஹென்றி, 3 ஆம்பியர் தாங்க வேண்டும். 470 ஓம் 1 வாட் மின்தடை இரண்டு, 10 கிலோ ஓம் இரண்டு, 12 வோல்ட் ஜெனர் டையோடு இரண்டு, யூஎஃப்4007 டையோடு இரண்டு. கடைக்காரர் 1என்4007 கொடுத்து ரெண்டும் ஒண்ணுதான் என்பார். ஒன்றல்ல. 1என்4007, 50 ஹெர்ட்ஸுக்கு ஆனது. இந்த வேகத்துக்கு அது மூடவே நேரம் போதாமல் சூடாகும்.

இவை தவிர 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், 3 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு சுவிட்ச், சிறிய ஹீட் சிங்க் இரண்டு, 12 வோல்ட் 5 வாட் வண்டி பல்ப், சிவப்பு எல்இடி நான்கு, 220 ஓம், 1 கிலோ ஓம் மின்தடைகள்.

படி 1: காயில் சுற்றுதல்

10 செ.மீ. விட்டமுள்ள உருண்டையான ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிவிசி குழாய், பிளாஸ்டிக் டப்பா எதுவும் சரி. எவர்சில்வர் டப்பாவில் சுற்றினால் சுற்றிய பின் கழற்றிவிட வேண்டும், உலோகம் உள்ளே இருக்கக் கூடாது. 10 சுற்று, நெருக்கமாக, ஒரே திசையில். இருபுறமும் 10 செ.மீ. கம்பி விடுங்கள். நாலு இடத்தில் நூலாலோ டேப்பாலோ கட்டிவிட்டு மெல்லக் கழற்றினால் ஒரு வளையல் மாதிரி நிற்கும்.

இப்படி மூன்று காயில் வேண்டும். ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க, ஒன்று கடைசியில் வரும் சோதனைக்கு. மூன்றும் ஒரே டப்பாவில், ஒரே இறுக்கத்தில் சுற்றியதாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் சுமார் 20 மைக்ரோ ஹென்றி வரும். 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரோடு சேர்த்தால் அதிர்வெண் சுமார் 112 கிலோ ஹெர்ட்ஸ். கணக்கு இப்படி: ஹென்றியில் உள்ள காயில் அளவையும் ஃபாரடில் உள்ள கெப்பாசிட்டர் அளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், அதை 6.283-ஆல் பெருக்குங்கள், வந்த விடையால் 1-ஐ வகுங்கள்.

கம்பி முனையில் உள்ள எனாமலை பிளேடால் சுற்றிலும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். செம்பு பளபளவென்று ரோஜா நிறத்தில் தெரிய வேண்டும். பழுப்பாக ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் ஈயம் அதன்மேல் உருண்டு நிற்கும், ஒட்டாது. ஒட்டியது போலத் தெரிந்தாலும் உள்ளே இணைப்பு இருக்காது. சுரண்டிய முனைகளில் முதலில் ஈயம் பூசிவிட்டு, மல்டிமீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கருவி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் சிக்கல் இங்கேதான் என்பது என் அனுபவம்.

படி 2: அனுப்பும் சர்க்யூட்

அடாப்டரின் பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து சுவிட்ச், அதன் மறுமுனை நம் பிளஸ் லைன். அடாப்டரின் மைனஸ் நம் மைனஸ் லைன்.

மாஸ்ஃபெட்டின் எழுத்துள்ள முகத்தை உங்களைப் பார்க்க வைத்தால் இடமிருந்து வலம் கேட், டிரெயின், சோர்ஸ். இரண்டின் சோர்ஸும் மைனஸ் லைனுக்கு. பிளஸ் லைனிலிருந்து ஒரு சோக் முதல் டிரெயினுக்கு, இன்னொரு சோக் இரண்டாம் டிரெயினுக்கு. இரண்டு டிரெயினுக்கும் குறுக்கே அனுப்பும் காயில், அதற்கு இணையாக 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரை காயிலுக்கு மிக அருகில் பற்றவையுங்கள், நீண்ட வயர் வேண்டாம்.

ஒவ்வொரு கேட்டுக்கும் பிளஸ் லைனிலிருந்து ஒரு 470 ஓம். கேட்டிலிருந்து மைனஸுக்கு ஒரு 10 கிலோ ஓம். கேட்டுக்கும் மைனஸுக்கும் நடுவே ஜெனர், கோடு போட்ட பக்கம் கேட்டில். அப்புறம் மிக முக்கியமான குறுக்கு இணைப்பு: முதல் கேட்டிலிருந்து யூஎஃப்4007 ஒன்று இரண்டாம் டிரெயினுக்கு, கோடு போட்ட பக்கம் டிரெயினில். இரண்டாம் கேட்டிலிருந்து இன்னொன்று முதல் டிரெயினுக்கு, அதே மாதிரி.

இது எப்படி ஓடுகிறது? முதல் மாஸ்ஃபெட் திறந்து மின்னோட்டத்தை விட்டால் அதன் டிரெயின் மைனஸுக்கு இறங்கும். குறுக்கு டையோடு வழியாக இரண்டாவதன் கேட்டையும் கீழே இழுத்து அதை மூடிவிடும். இரண்டாம் டிரெயினில் காயிலின் அழுத்தம் மேலே ஏறி, ஓர் அரை அலை முடிந்து மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அந்த நொடியில் இரண்டு மாஸ்ஃபெட்டும் வேலையை மாற்றிக்கொள்கின்றன. பூஜ்யத்தில் மாறுவதால் மாஸ்ஃபெட் அதிகம் சூடாவதில்லை. அதிர்வெண்ணை வெளியிலிருந்து யாரும் கொடுக்கவில்லை, காயிலும் கெப்பாசிட்டருமே தீர்மானிக்கின்றன. வீட்டில் கட்டுபவருக்கு இந்த சர்க்யூட்டை நான் சிபாரிசு செய்வதற்கு அதுதான் காரணம்.

காயிலின் குறுக்கே உச்ச அழுத்தம் அடாப்டரைப் போல 3.14 மடங்கு, அதாவது சுமார் 38 வோல்ட் வரும். இந்த மாஸ்ஃபெட் 55 வோல்ட் வரை தாங்கும். 12 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துப் பார்க்கும் ஆசை வந்தால் தாங்குதிறன் அதிகமுள்ள மாஸ்ஃபெட்டுக்கு மாறிக்கொண்ட பிறகு பாருங்கள்.

ஒரு விஷயம்: மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு டிரெயினோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் நேரடியாகத் திருகினால் காயில் ஷார்ட் ஆகிவிடும். அதற்காகத்தான் தனித்தனி ஹீட் சிங்க்.

படி 3: முதல் முறை ஆன் செய்தல்

அடாப்டரை முதலில் பிளக்கில் போட்டுவிட்டு, பிறகு நம் சுவிட்சைத் தட்ட வேண்டும். மாற்றிச் செய்யக் கூடாது. அடாப்டரின் அழுத்தம் மெதுவாக ஏறினால் இரண்டு மாஸ்ஃபெட்டும் சேர்ந்தே திறந்துகொள்ளும், அதிர்வு தொடங்காது, சோக் வழியாக மின்னோட்டம் தடையின்றிப் பாயும். ஃபியூஸ் போனால் நல்லது, போகாவிட்டால் புகைதான்.

பிளஸ் லைனில் ஆம்பியர் மீட்டரைப் போடுங்கள். காயில் அருகே எதுவும் இல்லாதபோது அரை ஆம்பியருக்குள் காட்ட வேண்டும். 1 ஆம்பியரைத் தாண்டினால் உடனே அணைத்துவிட்டு குறுக்கு டையோடுகளின் திசையைப் பாருங்கள்.

மல்டிமீட்டரின் ஏசி அளவையில் காயில் அழுத்தத்தைப் பார்க்க முயலாதீர்கள். சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு ஆனது, 112 கிலோ ஹெர்ட்ஸில் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அதற்குப் பதிலாக எளிய சோதனை ஒன்று. மூன்று சுற்றுக் கம்பி வளையம், அதனுடன் 220 ஓம், எதிரெதிர்த் திசையில் இணையாகச் சேர்த்த இரண்டு எல்இடி. அனுப்பும் காயிலின் மேல் பிடித்தால் இரண்டும் எரியும். ஏஎம் ரேடியோ இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 560 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி இரைச்சல் கேட்கும். நம் அதிர்வெண்ணின் ஐந்தாவது மடங்கு அது. ஸ்டேஷன் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை மனதில் வைத்து, சோதனை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

படி 4: பல்பை எரியவைத்தல்

இரண்டாவது காயிலுக்கு இணையாக 0.1 மைக்ரோ ஃபாரட், அதற்கும் இணையாக 5 வாட் பல்ப். இவ்வளவுதான் வாங்கும் பக்கம். 3 செ.மீ. இடைவெளியில், இரண்டு வளையமும் ஒன்றுக்கு ஒன்று நேராக இருக்கும்படி பிடித்தால் பல்ப் ஏறக்குறைய முழு வெளிச்சத்தில் எரியும். இதன் கணக்கு: 3 செ.மீ.யில் எழும் அழுத்தம் சுமார் 6.4 வோல்ட். பல்பின் தடை சுமார் 29 ஓம், காயிலின் மறிப்பு (மாறும் மின்னோட்டத்துக்குக் காயில் காட்டும் எதிர்ப்பு) 14 ஓம், ஆக ஒத்ததிர்வு இரண்டு மடங்கு உயர்த்தித் தருகிறது. 5 செ.மீ.க்குத் தள்ளினால் கிடைப்பது பாதி அழுத்தம்தான், பல்ப் சிவந்து மங்கும்.

இப்போது காயிலை 90 டிகிரி திருப்புங்கள். பல்ப் அணைந்துவிடும். காந்தக் கோடுகள் வளையத்துக்குள் நுழையாமல் பக்கவாட்டில் போய்விடுகின்றன. செல்போன் சற்று நகர்ந்து கிடந்தால் காலையில் சார்ஜ் ஏறாமல் இருப்பதும் இது போன்ற கதைதான். செல்போன் வயர்லெஸ் சார்ஜர்களுக்கான தரத்தின் பெயர் க்யூஐ. 2023-ல் வந்த க்யூஐ2 தரத்தில் சுற்றிலும் காந்த வளையம் வைத்து, போனைத் தானாகவே நேரில் ஒட்ட வைத்தது இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான்.

ஓர் அலுமினியத் தட்டை வாங்கும் காயிலுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். பல்ப் மங்கும், தட்டு வெதுவெதுப்பாகும். உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து நம் புலத்தை எதிர்ப்பதுடன் அதிர்வெண்ணையும் நகர்த்திவிடும். சார்ஜர்களிலும் போன்களிலும் காயிலுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு ஃபெரைட் தகடு இருக்கும். உலோகப் பாகங்களுக்குள் புலம் போகாமல் வளைத்துத் திருப்பி அனுப்புவது அதன் வேலை.

படி 5: ஒத்ததிர்வைக் கண்ணால் பார்த்தல்

முழு வழிகாட்டியிலும் எனக்கு மிகவும் பிடித்த படி இது. பல்பைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் எதிரெதிர்த் திசையில் இணையாகச் சேர்த்த இரண்டு சிவப்பு எல்இடியையும் 1 கிலோ ஓம் அரை வாட் மின்தடையையும் தொடராகப் போடுங்கள். காயிலை 20 செ.மீ. தொலைவிலிருந்து மெல்ல நெருக்கி 15 செ.மீ.யில் நிறுத்துங்கள். எல்இடி எரியும். 10 செ.மீ.க்கு உள்ளே கொண்டுபோகாதீர்கள், எல்இடி தாங்காது.

அங்கேயே வைத்துக்கொண்டு கெப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் கழற்றுங்கள். எல்இடி சட்டென அணையும். காயில் நகரவில்லை, புலம் குறையவில்லை. கணக்குப்படி அந்தத் தொலைவில் எழும் அழுத்தம் 0.6 வோல்ட்தான், சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். காலைத் திரும்ப ஒட்டினால் அதே 0.6 வோல்ட் பல மடங்காகி எல்இடியை எரிக்கிறது.

எல்இடி மங்கலாக இருந்தால் சுருதி சேரவில்லை என்று அர்த்தம். கெப்பாசிட்டர் 5 சதவீதம் மாறினால் அதிர்வெண் இரண்டரை சதவீதம் மாறும், இந்தச் சோதனைக்கு அதுவே அதிகம். வாங்கும் பக்கம் 0.0047 மைக்ரோ ஃபாரட் ஒன்றை இணையாகச் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் கூடினால் அந்தத் திசை சரி. குறைந்தால் அதை எடுத்து அனுப்பும் பக்கம் போடுங்கள். காயிலின் கட்டைச் சற்றுத் தளர்த்திச் சுற்றுகளை விலக்கினாலும் அதிர்வெண் கொஞ்சம் ஏறும்.

சரி, இனி மூன்றாவது காயில். அதன் இரு முனைகளுக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் மட்டும் வையுங்கள், வேறெந்த வயரும் வேண்டாம். எல்இடி அணையும் தொலைவுக்கு வாங்கும் காயிலைக் கொண்டுபோய்விட்டு, நடுவில் இந்த மூன்றாவதைப் பிடியுங்கள். எல்இடி மீண்டும் எரியும். நடுக்காயில் ஆற்றலை வாங்கிக் கைமாற்றி விடுகிறது.

படி 6: 5 வோல்ட் டிசி வேண்டுமானால்

இணையாகக் கெப்பாசிட்டர் போட்ட வாங்கி, லோடைக் கழற்றியதும் அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். டிசி தேவையென்றால் கெப்பாசிட்டரை காயிலோடு தொடராகப் போடுங்கள். அப்போது வெளியே வருவது காயிலில் எழும் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும், காயில்கள் ஒட்டிக்கொண்டாலும் 25 வோல்ட்டைத் தாண்டாது. பிறகு நான்கு 1என்5819 ஷாட்கி டையோடு கொண்ட பிரிட்ஜ், 100 மைக்ரோ ஃபாரட் 63 வோல்ட் கெப்பாசிட்டர், அழுத்தத்தை 5 வோல்ட்டாக இறக்கித் தரும் எல்எம்2596 போர்டு. 2 செ.மீ. இடைவெளிக்குள் 5 வோல்ட் நிலையாக வாங்கலாம்.

இதில் செல்போனை மாட்டாதீர்கள். க்யூஐ சார்ஜரில் போனும் தட்டும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. போன் தன் லோடை வினாடிக்கு 2,000 பிட் வேகத்தில் மாற்றிக் காட்டி, இன்னும் கொடு, போதும், நிறுத்து என்று சொல்கிறது. நடுவில் சாவியோ நாணயமோ கிடந்தால் கணக்கு இடிப்பதைக் கண்டுபிடித்துத் தட்டு நின்றுவிடும். நம்முடையதற்கு அந்த அறிவு கிடையாது.

உடம்புக்குப் பாதுகாப்பு

அனுப்பும் காயிலின் நடுவில் காந்தப்புலம் சுமார் 240 மைக்ரோ டெஸ்லா. பொதுமக்களுக்கு இந்த அதிர்வெண்ணில் 27 மைக்ரோ டெஸ்லா என்று 2010-ல் அயனியாக்காத கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் (ICNIRP) வழிகாட்டு அளவு வைத்தது. நம் காயிலில் இருந்து 10 செ.மீ. தள்ளினால் அதற்குக் கீழே வந்துவிடும். ஆகவே ஓடும்போது கையை நடுவில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம், முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். மோதிரம், வளையல், வாட்ச் கழற்றிவிடுங்கள், சூடாகும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

இதே கணக்கு பெரிய அளவில்

2007-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் மாரின் சோல்யாசிச் குழு 2 மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரியவைத்தது. திறன் சுமார் 40 சதவீதம். காயிலின் விட்டம் 60 செ.மீ., அதிர்வெண் சுமார் 10 மெகா ஹெர்ட்ஸ், க்யூ சுமார் 950. நம் எண்களோடு ஒப்பிடுங்கள். விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளியதால் இணைப்பு எண் மிகக் குறைவு. அதை ஈடுகட்டியது அந்த 950.

மின்சாரக் கார்களைக் கம்பியில்லாமல் சார்ஜ் செய்வதற்கான எஸ்ஏஇ ஜே2954 தரம் 85 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி, 11 கிலோ வாட் வரை அனுமதிக்கிறது. தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் நடுவே இருபது செ.மீ. சுமாருக்கு இடைவெளி, ஆனால் காயிலின் அகலம் அதைவிடப் பெரிது. தென்கொரியாவின் குமி நகரில் 2013-ல் கைஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாலைக்கு அடியில் காயில் பதித்து, ஓடும் பேருந்துகளுக்கே மின்சாரம் கொடுத்தார்கள்.

கிலோமீட்டர் கணக்கில் போக வேண்டுமென்றால் இந்த முறை உதவாது, காந்தப்புலத்தை விட்டு மைக்ரோ அலைக் கற்றைக்கு மாற வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் பிரவுன் 1964-ல் ஒரு சிறு ஹெலிகாப்டரை மைக்ரோ அலையாலேயே பறக்க வைத்துக் காட்டினார். 1975-ல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் 1.5 கி.மீ. தொலைவில் 30 கிலோ வாட்டுக்கு மேல் டிசியாக வாங்கினார்கள். அனுப்பிய ஆண்டெனா 26 மீட்டர் விட்டமுள்ள தட்டு. இங்கேயும் அகலம்தான் தூரத்தை வாங்குகிறது.

கண்டுபிடிப்பாளர் நிகோலா டெஸ்லாவைப் பற்றிக் கேட்பீர்கள். 1899-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் சோதனை செய்து, 1901-ல் நியூயார்க் அருகே வார்டன்கிளிஃப் கோபுரத்தைத் தொடங்கினார். முதலீடு செய்த வங்கியாளர் ஜே.பி. மோர்கனின் பணம் தீர்ந்து, 1917-ல் கோபுரம் இடிக்கப்பட்டது. ஒத்ததிர்வுக் காயில்களில் அவர் செய்த வேலைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் பூமியையே கம்பியாக்கி உலகம் முழுக்க மின்சாரம் அனுப்பலாம் என்ற திட்டத்தைக் கோபுரம் நிரூபிக்கவில்லை, யாரோ மறைத்துவிட்ட ரகசியமும் அதில் இல்லை.

அடுத்து கட்ட வேண்டியது

10 செ.மீ. காயிலில் எல்லாப் படியும் ஓடிவிட்டதென்றால் 20 செ.மீ. விட்டத்தில் அதே 10 சுற்று சுற்றுங்கள். காயில் சுமார் 47 மைக்ரோ ஹென்றி ஆகும், கெப்பாசிட்டரை 0.047 மைக்ரோ ஃபாரடாக மாற்றுங்கள், அதிர்வெண் 107 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி வரும். சர்க்யூட்டில் வேறெதையும் தொட வேண்டியதில்லை. சுற்றி ஓடும் மின்னோட்டம் பாதிக்கும் கீழே குறையும், எல்இடி எரியும் தூரம் 15 செ.மீ.யிலிருந்து 30 செ.மீ.க்குப் போகும். தூரத்தைக் குறிக்கும்போது கூடவே விட்டத்தையும் எழுதி வையுங்கள், அடுத்த காயிலுக்கு அளவு எடுக்க அந்தக் குறிப்பு தேவைப்படும்.